பிறந்தமேனிக் கடற்கரையில் பண்பாட்டுக் காப்புக் கழகம்

தமிழன் தன் மானத்தைக் காத்த இடங்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் தலையாயது, தென் இங்கிலாந்தில் உடுப்பில்லாமல் குளிப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு கடற்கரை என்பதை வருங்கால வரலாற்று ஆசிரியர்கள் எழுதத்தான் போகிறார்கள். அவர்கள் தப்பும் தவறுமாக எழுதிவிடக் கூடாது என்பதற்காக, லண்டன் கோலியர்ஸ் வுட் தமிழ்ப் பண்பாட்டுக் காப்புக் கழகத்தின் செயலாளராகிய நானே உள்ளது உள்ளபடி எழுதிவைக்கிறேன்.

எங்கள் கழகத்தின் வேலை பண்பாட்டைக் காப்பது. யாரிடமிருந்து காப்பது என்று விதிகளில் எழுத மறந்துவிட்டோம். ஆகவே எல்லோரிடமிருந்தும் காத்து வந்தோம்.

தலைவர் வைத்தியநாதன் அண்ணை யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், பெரிய உத்தியோகம் பார்த்தவர். ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் மைக்கைப் பிடித்து, "லண்டனிலை சாதி இல்லை, குலம் இல்லை, எல்லாரும் தமிழர்" என்று முழங்குவார். மண்டபம் அதிரக் கைதட்டுவோம். பிறகு மேடையை விட்டு இறங்குவார். கூட்டத்தில் புதுமுகம் ஏதாவது தென்பட்டால் அன்போடு தோளில் கைபோட்டு மூன்று கேள்வி கேட்பார். "தம்பி எந்த ஊர்?" "ஊரிலை எவடம்?" "கோயிலுக்கு எந்தப் பக்கம்?" அவ்வளவுதான். டாக்டர்மார் ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஒரு மாதம் அலைக்கழித்த பிறகும் கண்டுபிடிக்க முடியாததை அண்ணை தேத்தண்ணி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார். சாதி என்ற சொல்லை மட்டும் மேடைக்கு வெளியே அவர் வாயில் எடுத்ததே இல்லை. அவ்வளவு நாகரிகமான மனிதர்.

அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டுக்குள்ளேயே சோதனை வந்தது. மகள் தவமலர் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வேலை செய்தாள். அதே ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் யோகராஜா என்ற பொடியனைத்தான் கட்டுவேன் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாள்.

"நீங்கள் ஓம் எண்டால் கோயிலிலை. இல்லையெண்டால் கவுன்சில் ஒஃபிஸிலை பதிவுக் கலியாணம்" என்றாளாம்.

அண்ணை கோபப்படவில்லை. "பொடியன் ஆரெண்டு தெரியாமல் எப்பிடி ஓம் எண்டுறது? நான் சாதி பாக்கிற ஆள் இல்லை. எண்டாலும் பாக்கவேணும்" என்றார். பிறகு விசாரணையை ரகசியமாக என்னிடம் ஒப்படைத்தார். செவன் கிங்ஸ் பக்கத்துத் தமிழர்களுக்கு டெலிபோன் போட்டேன். கோயில் திருவிழா பார்க்கும் சாட்டில் ஆள் ஆளாக விசாரித்தேன். யோகராஜா நல்லவன், குடிக்கமாட்டான், இரவில் பெட்ரோல் நிலையத்திலும் உழைத்துத் தங்கையைப் படிப்பிக்கிறான் என்று உபயோகமற்ற தகவல்களாகவே வந்து சேர்ந்தன. தேவையான தகவல் ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அண்ணை ஒரு முடிவுக்கு வந்தார். "கழகத்தின்ரை சம்மர் ட்ரிப்புக்குப் பொடியனைக் கூப்பிடு. நான் நேரை பாத்துக் கதைக்கிறன். எனக்குச் சரியெண்டு பட்டால் அண்டைக்கே நாள் வைப்பம்."

தவமலர் சந்தோசத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாங்ஸ் அங்கிள்" என்றாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் செயலாளருக்கு அனுதாபம் காட்ட விதிகளில் இடமில்லை.

இனி, கடற்கரை தெரிவுசெய்யப்பட்ட வரலாறு. அதற்காக அந்தத் தொண்ணூறாம் ஆண்டு பெப்ரவரியிலேயே "நிலைமை ஆராயும் குழு" ஒன்றை அமைத்திருந்தோம். நானும் பொருளாளர் மணியமும்தான் குழு. மணியம் மலேசியாக்காரர். படிக்க வந்து, படித்து முடித்து, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்துவிட்டவர். கொட்டுகிற மழையில் வேனை விட்டு இறங்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு, மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே தென்கரை முழுவதையும் ஆராய்ந்தோம். ஒரு இடத்தில் கோச் பஸ் நிறுத்தக் கட்டணம் இல்லை. கழிப்பறை கிட்டத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஈ காக்கை இல்லை.

"ரொம்ப டீசண்டான பீச்சுங்க" என்றார் மணியம். "ஆமா, நம்ம லேடீஸுக்கு இதுதான் பாதுகாப்பு."

அந்த மழைக்குள் ஏதோ ஒரு போர்டும் நின்றது. அதை வாசிக்க இறங்கினால் நனைந்துவிடுவோம். இங்கிலாந்தில் போர்டு என்றால் நாயை அவிழ்த்துவிடாதே என்றுதானே இருக்கும். எங்களிடம் நாய் இல்லை. ஏகமனதாகத் தெரிவுசெய்துவிட்டு லண்டன் திரும்பினோம். அழைப்புக் கடிதத்தின் அடியில், "இடத்தின் ஒழுங்குகளை அனைவரும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும்" என்று என் சொந்தக் கற்பனையில் ஒரு வரி சேர்த்தேன். கடிதத்துக்கு ஒரு கனம் வேண்டும் அல்லவா?

ஆகஸ்ட் வந்தது. அந்த வருஷம் லண்டன் அடுப்பாக வெந்தது. பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி; ஆகவே பெரியவர்கள் மட்டும் கோலியர்ஸ் வுட் ஸ்டேஷன் வாசலில் கோச் ஏறினோம். அண்ணை கோட்டும் டையும். அவர் மனைவி கமலாம்பிகை அக்கா காஞ்சிபுரம் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. சோறு, கறி, வடை, பாயாசம் எல்லாம் பெரிய சட்டிகளில் வந்தன. கடலில் குளித்தால் துடைக்க ஆளுக்கொரு துவாயும் வந்தது. யோகராஜா இரவு வேலை முடிந்து நேரே ரயிலில் வந்து, எங்களுக்கு முன்னமே அங்கே நிற்பான் என்று தவமலர் சொன்னாள்.

கோச் எங்களை இறக்கிவிட்டது. ட்ரைவர் சட்டப்படி ஓய்வெடுக்கவேண்டும் என்று சொல்லி, பின்னேரம் வருவதாகக் கோச்சையும் கொண்டு போய்விட்டார். நாங்கள் சட்டிகளோடு ஒரு மேட்டைத் தாண்டினோம். அங்கே கடல் இருந்தது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில், உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல், ஆணும் பெண்ணுமாக இங்கிலாந்து கிடந்தது.

பாயாசச் சட்டியைத் தூக்கி வந்தவர் அதை மெல்ல இறக்கி வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணைதான் முதலில் சுதாரித்தார். "எல்லாரும் திரும்புங்கோ!" என்று கட்டளை இட்டார். திரும்பினோம். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூழாங்கற்களின் மேல் வட்டமாக உட்கார்ந்து, அவசர நிர்வாகசபைக் கூட்டத்தை ஆரம்பித்தோம். வட்டமாக உட்கார்ந்தால் பாதிப் பேரின் முகம் கடலைத்தான் பார்க்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பாதியில் இடம் பிடிக்க ஏன் அவ்வளவு தள்ளுமுள்ளு நடந்தது என்று நான் ஆராயவில்லை.

"கழகம் இங்கை எதையும் காணேல்லை எண்டு தீர்மானம் போடுவம்" என்றார் அண்ணை.

"எதைக் காணேல்லை எண்டு எழுதுறது?" என்று கேட்டேன்.

"எதைக் கண்டமோ அதை."

மணியம் எழுந்து ஒரு திருத்தம் முன்மொழிந்தார். "தலைவரே, சாப்பாடு ஆறுது. சாப்பிட்டுட்டே காணாம இருக்கலாமே?"

திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கமலாம்பிகை அக்கா தன் தூரப்பார்வைக் கண்ணாடியை எடுத்து, சேலைத் தலைப்பால் நன்றாகத் துடைத்து, போட்டுக்கொண்டார். எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான்.

"இஞ்சேருங்கோ, அங்கை ஒரு வயசான மனிசி எலும்பும் தோலுமாய்க் கிடக்கு. பாவம், ஒரு வடை குடுத்திட்டு வரட்டோ?"

"இரும் பேசாமல்! உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. காணாமல்தான் சொல்லுறன்."

இந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரர் எங்களை நோக்கி வந்தார். தலையில் வைக்கோல் தொப்பி போட்டிருந்தார். உடையைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. அந்தக் கடற்கரையின் ஒழுங்கைக் கவனிப்பவர் தானே என்று அறிமுகம் செய்துகொண்டு, இவ்வளவு வெயிலில் கோட்டும் கம்பளியும் போட்டு வட்டமாக இருக்கிறீர்களே, ஏதாவது துக்க காரியமா என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். இல்லை, உல்லாசப் பயணம் என்று அவருடைய தொப்பியைப் பார்த்துப் பதில் சொன்னேன். அவருக்கு நிம்மதி. இங்கே உடை அவரவர் விருப்பம், போட்டிருப்பதாலும் உங்களை ஒருவரும் குறையாக நினைக்கமாட்டார்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். லண்டனில் எனக்குக் கிடைத்த சமத்துவ உறுதிமொழிகளில் இதுதான் மிகவும் நேர்மையானது.

"உங்களுடைய நண்பர் ஒருவர் காலையிலேயே வந்துவிட்டார். நல்ல பையன்" என்று அவர் கையைக் காட்டினார்.

காட்டிய திசையிலிருந்து யோகராஜா வந்துகொண்டிருந்தான். அவனும் இடத்தின் ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்திருந்தான். கையில் ஒரு பெரிய சீப்புக் கதலி வாழைப்பழம். வருங்கால மாமனாருக்கென்று டூட்டிங் தமிழ்க் கடையில் வாங்கியது. அதை இரண்டு கையாலும் முன்னால் பிடித்திருந்தான். இன்று நினைத்தாலும் டூட்டிங் கடைக்காரருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது; பெரிய சீப்பாகக் கொடுத்திருந்தார்.

தவமலர் "ஓ மை கோட்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"வணக்கம் ஐயா" என்றான் யோகராஜா. கை கூப்பவில்லை. கூப்பினால் பழம் விழும். பழம் விழுந்தால் கழகமும் விழும்.

அண்ணை தலைக்கு மேலே பறந்த ஒரு கடற்புறாவைத் தேர்ந்தெடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தம்பி, உதென்ன கோலம்?"

"ஐயா, கடிதத்திலை இடத்தின்ரை ஒழுங்கைக் கண்டிப்பாய்க் கடைப்பிடிக்கச் சொல்லிக் கிடந்தது. இங்கை வந்து பாத்தால் எல்லாரும் இப்பிடி நிக்கினம். கோயில் வாசலிலை மேற்சட்டை கழட்டுற மாதிரி இதுவும் ஒரு முறையாக்கும் எண்டு நினைச்சன்."

"அப்ப மேற்சட்டையோடை நிப்பாட்டியிருக்கலாமே!"

"என்ரை அகதிக் கேஸ் இன்னும் ஹோம் ஒஃபிஸிலை கிடக்கு ஐயா. இந்த நாட்டிலை ஒரு ஒழுங்கையும் பாதியிலை விட எனக்குப் பயம்."

"எங்களைக் கண்டவுடனை ஓடிப்போய்ப் போட்டிருக்கலாமே!"

"உடுப்பு அங்காலை, தொப்பிக்காரரின்ரை கூடாரத்துக்கை கிடக்கு. பெரியாக்களைக் கண்டிட்டு முதுகைக் காட்டி ஓடினால் மரியாதையில்லை எண்டு நேரை வந்திட்டன்."

கடற்பக்கமிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கியிருந்தது, அவன் உடம்பு சிலிர்த்தது. அவன் எதற்காக வந்தான் என்று அவனுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். எனக்கு அண்ணையைத் தெரியும். எழுந்து அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவரோ கடற்புறாவை விட்டுக் கண்ணை எடுக்காமல், பேரன்போடு முதல் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி எந்த ஊர்?"

யோகராஜா ஊரைச் சொன்னான். அதை இங்கே எழுதினால் அந்த ஊர்ச் சங்கம் வழக்குப் போடும். நல்ல ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணையின் முகம் மலர்ந்தது.

"எட, அப்பிடியே? என்ரை தாய்மாமன் அங்கைதான் சம்பந்தம் செய்தவர். ஊரிலை எவடம்?"

"பெரிய கோயிலடி, ஐயா."

"கோயிலடியோ!" அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி ஒரு சிறு பிரசங்கமே செய்தார். "உடுப்பு எண்டுறது என்ன? வெறும் வெளிவேஷம். எங்கடை சித்தர்களெல்லாம் இப்பிடித்தானே திரிஞ்சவை? பொடியனுக்குக் கள்ளங்கபடம் இல்லை, அதுதான் கழட்டிப்போட்டு நிக்கிறான். கமலாம்பிகை, தம்பிக்கு ஒரு வடை குடும்."

தவமலர் முகத்திலிருந்து கையை எடுத்தாள். அவள் கண்ணில் தெரிந்த சந்தோசத்தைப் பார்த்து நாள் குறிக்கக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். கமலாம்பிகை அக்கா வடையை நீட்டினார். யோகராஜா அதை எந்தக் கையால் வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அண்ணை, வெறும் சம்பிரதாயத்துக்காக, மூன்றாவது கேள்வியையும் கேட்டுவைத்தார்.

"கோயிலுக்கு எந்தப் பக்கம், தம்பி?"

யோகராஜா வாழைச்சீப்பை இறுக்கிப் பிடித்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"வெளிப்பக்கம், ஐயா. நாங்கள் வீதியிலை நிண்டுதான் கும்பிடுறது. மேற்சட்டையைக் கழட்டினாலும் எங்களை உள்ளை விடேல்லை. இங்கை கழட்டினவுடனை வா எண்டு கூப்பிட்டுத் தேத்தண்ணியும் தந்தவை."

அண்ணையின் பார்வை கடற்புறாவை விட்டுக் கீழே இறங்கியது. அப்போதுதான் யோகராஜா உடுப்பில்லாமல் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"ஐயையோ, அம்மணம்!" என்று அலறினார். "பொம்பிளையள் இருக்கிற இடத்திலை! வெக்கம் கெட்டவன்! மானம் போச்சு! கமலாம்பிகை, வடையை உள்ளை வையும்!"

வடை திரும்பவும் சட்டிக்குள் போனது. வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் அதிர்ச்சி அடைந்தது. அவ்வளவு நேரமும் காணாதவர்கள் எல்லோரும் கண்டுவிட்டார்கள். சிலர் கண்ணைப் பொத்தினார்கள், சிலர் காறித் துப்பினார்கள். இந்த ஒற்றுமையைக் கழகத்தின் கணக்குப் பரிசோதனைக் கூட்டங்களில்கூட நான் கண்டதில்லை.

தவமலர் எழுந்தாள். "அப்பா, கோயிலடி எண்டு சொல்லேக்கையும் அவர் இப்பிடித்தானே நிண்டவர்?"

"அது வேறை, பிள்ளை."

"என்ன வேறை?"

"அப்ப நான் கவனிக்கேல்லை. நான் சாதி பாக்கிற ஆள் இல்லை எண்டு உனக்குத் தெரியும். ஆனால் உடுப்பில்லாதவனுக்குப் பெண் குடுத்தால் சபையிலை நாளைக்கு நான் எப்பிடி முகம் நிமித்துறது?"

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைவருக்குப் போர்த்துவதற்கென்று ஒரு பொன்னாடையை மடித்து என் பக்கத்தில் வைத்திருந்தேன். சரிகை போட்ட, நல்ல அகலமான பொன்னாடை. தவமலர் வந்து அதை எடுத்தாள். விரித்தாள். நேரே போய் யோகராஜாவின் இடுப்பில் சுற்றி, ஒரு முடிச்சும் போட்டாள். பொன்னாடை என்பது கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதலாக, அது ஒரு மனிதனுக்கு உண்மையில் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

"வாங்கோ யோகன், கவுன்சில் ஒஃபிஸ் திங்கட்கிழமை திறந்திருக்கும்" என்றாள்.

யோகராஜா வாழைப்பழத்தை அண்ணையின் காலடியில் மரியாதையாக வைத்தான். இப்போது கை கூப்ப முடிந்தது, கூப்பினான். பிறகு இரண்டு பேரும் தொப்பிக்காரரின் கூடாரத்தை நோக்கிப் போனார்கள். கமலாம்பிகை அக்கா எழுந்து நின்று, "பிள்ளை, சாப்பிடாமல் போறியே" என்றார். அண்ணை அவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அக்கா சத்தமில்லாமல் அழுதார். அந்தப் பழத்தை ஒருவரும் தொடவில்லை.

கழகம் உடனே மீண்டும் கூடியது. "ஒழுக்கக் கேட்டைக் கண்டித்து" ஒரு தீர்மானமும், தலைவரின் "சமரசமற்ற பண்பாட்டு உணர்வைப் பாராட்டி" இன்னொரு தீர்மானமும் நிறைவேறின. மணியம் மட்டும் வாக்களிக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பையனாச்சேங்க" என்று ஒருமுறை சொன்னார். அது கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இல்லாத விஷயம் என்பதால் நான் குறித்துக்கொள்ளவில்லை.

கோச் வருவதற்குச் சற்று முன்னர் தொப்பிக்காரர் மறுபடியும் வந்தார். பெண்ணும் பையனும் பத்திரமாக ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, என்னைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போனார்.

"தவறாக நினைக்காதீர்கள். அவன் உடையில்லாமல் இருந்தது உங்களுக்குச் சங்கடம் என்று புரிகிறது. ஆனால் நீங்கள் ஒவ்வொருவரும் துவாய் கொண்டு வந்திருக்கிறீர்கள். அவன் அவ்வளவு நேரம் காற்றில் நடுங்கிக்கொண்டு பதில் சொன்னான். ஒருவராவது ஒரு துவாயை எடுத்துக் கொடுத்திருக்கலாமே?"

வெள்ளைக்காரர்கள் எத்தனை நாட்டை ஆண்டு என்ன பயன்! ஒரு சமூகத்தின் நுட்பம் இவர்களுக்கு விளங்கவே விளங்காது. நான் பொறுமையாக அவருக்கு விளக்கினேன்.

"ஐயா, ஊரில் எவடம் என்று தெரிய முன்னம் ஒருவனுக்கு எப்படித் துவாய் கொடுப்பது? தெரிந்த பின்னர் அதை எப்படித் திருப்பி வாங்குவது?"